இடதுகை மட்டை

அரைத் தினார் கொடுத்து வாங்கினேன்
வெள்ளிச் சந்தையில்.
ஊசியில்லாத தையல் இயந்திரத்துக்கும்
விரிசல் விட்ட மீன்தொட்டிக்கும் நடுவே சாய்ந்து கிடந்தது.
விற்றவருக்கே தெரியாது அது என்னவென்று.
"அஸா" என்றார். கம்பு.

பந்துகள் பிறகு வந்தன, பதினான்கு.
ஏதோ ஒரு கிளப்பின் வேலியோரம்
முட்செடிக்குள் பொறுக்கியவை.
ஒன்றில் மட்டும் பச்சை மையில் ஒரு புள்ளி.
யாரோ தன் பந்து என்று அடையாளம் வைத்திருக்கிறார்.
அதை நான் கடைசியாகத்தான் அடிப்பேன்.

மங்காஃபில், எங்கள் கட்டடத்தின் பின்னால் காலி மனை.
விடியற்காலை மூன்றே முக்கால்.
கம்பெனி பஸ் வர இன்னும் முக்கால் மணி.
புல்லுக்குப் பதில்
அலுவலகத் தரைவிரிப்பில் வெட்டி எறிந்த ஒரு சாம்பல் துண்டு.
குழிக்குப் பதில்
இருபது அடி எட்டி வைத்த பெயின்ட் வாளி.
வாத்தியாருக்குப் பதில்
சத்தத்தை அணைத்த கைபேசி.

அதில் எல்லோரும் எனக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள்.
கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டுகிறது படம் என்று
எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.
இடது என்று எழுத்து ஓடினால் வலது என்று படித்தேன்.
முன்காலில் கனம்.
மணிக்கட்டு பேசக்கூடாது.
கை ஏழு மணிக்குப் போனால் எட்டு அடி,
ஒன்பது மணிக்குப் போனால் இருபது.
மற்றதெல்லாம் புரிந்தது, ஒன்றைத் தவிர:
பந்தைத் தூக்க நினைக்காதே.

தூக்குவதுதானே ஐயா என் பிழைப்பு.
டவர் கிரேன், பதினோரு வருஷம்.
கம்பிக் கட்டு, கண்ணாடிப் பலகை,
ஒருமுறை ஒரு முழு குளியலறை.
தூக்காதே என்றால் கை எங்கே கேட்கும்?
பந்தின் அடியில் நுழைந்து நெம்பினேன்.
மணல் எழுந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.
அல்லது தலையில் அடிபட்டுச் சீறிப் போய்
காவலாளி மொஃபிசுலின் தேநீர்க் கிளாஸை உடைத்தது.
மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது.
அடுமனையில் இரவு வேலை முடித்துவந்த சிக்கந்தர்
காயல்பட்டினத்து வசவுகள் அத்தனையும்
வரிசை மாறாமல் சொல்லி முடித்து
ஜன்னலைச் சாத்தினார்.

ஓவர்டைம் எழுதும் நோட்டின் பின்பக்கம்:
இருபத்தெட்டு அடி, வாளியில் பூஜ்யம்.
இருபத்தெட்டு, பூஜ்யம்.
இருபத்தெட்டு, ஒன்று (சுவரில் பட்டு).
ஆகஸ்ட்: ஈரக்காற்று, கண்ணாடி முழுக்கப் புகை,
வாளி தெரியவில்லை, இரண்டு.

அந்த இரண்டையும் யோசித்தபடி மேலே இருந்தேன்.
கீழே ஜெபஸ்டின் வாக்கிடாக்கியில்
மெல்ல, மெல்ல, ஒரு சாண், அரைச் சாண், விடு என்றான்.
பலகை உட்கார்ந்தது, யாரையும் எழுப்பாமல்.
நான் ஒன்றும் செய்யவில்லை. கனம்தான் இறங்கியது.
மறுநாள் மட்டையை அதன் பாட்டுக்கு இறங்க விட்டேன்.
முகம் சாய்ந்த இரும்பு அது. ஏற்றம் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஏசி பழுதுபார்க்க வந்த ரொதெல் ஒருநாள் நின்று பார்த்தார்.
ஊரில் கேடியாக இருந்தவராம்.
"இடதுகைக்காரரா நீங்கள்?"
இல்லை, சாப்பிடுவது, எழுதுவது எல்லாம் வலது.
அவர் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது.
இது இடதுகைக்காரர் மட்டை அண்ணா,
ஏழு மாசமாகத் திரும்பி நின்று அடித்திருக்கிறீர்கள்.
வலதுகை மட்டை ஒன்று கொண்டுவருகிறேன் என்றார்.
வேண்டாம் என்று சொல்லவில்லை.
பார்க்கலாம் என்றேன்.

இன்று காற்றில்லை.
டொக். சற்றுப் பொறுத்து, டொக்.
பச்சைப் புள்ளி விளிம்பில் சுற்றி
வெளியே விழுந்தது.
மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது.
"எத்தனை?" என்றார் சிக்கந்தர்.
பன்னிரண்டு என்றேன்.
நோட்டில் பதினொன்று என்று எழுதினேன்.