பத்தாவது கால்

பொத்தானை அழுத்தினால்
மூன்று விசிறிகளும் சுழல்கின்றன.
அதுதான் வயிற்றெரிச்சல்.
சுழலாமல் இருந்திருந்தால்
செத்தது என்று போர்த்திவிட்டுப் படுத்திருப்பேன்.

மானிட்டர் மட்டும்
'சிக்னல் இல்லை' என்கிறது,
மூன்றாவது இரவாக,
அதே மரியாதையோடு.

உலான்பாத்தரில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
நிலக்கரிப் புகை ஜன்னலில் கன்னம் பதித்து
என்ன ஆச்சு என்று எட்டிப் பார்க்கிறது.
வீட்டுக்குள் காற்று அப்பளமாய்க் காய்ந்திருக்கிறது.
போர்வையை உதறினால் பொறி.
பூனையைத் தொட்டால் பொறி.
செல்மெக்கை முத்தமிட்டால்
இருவர் உதட்டிலும் சுளீர்.
ஆகவே ஒவ்வொரு தடவையும்
ஹீட்டர் குழாயைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான்
ரேமில் கைவைக்கிறேன்.
கீழ்வீட்டுக்காரர் அதே குழாயைத் தட்டுகிறார்:
இன்னுமா தூங்கலை?

எனக்குத் தெரிந்த மின்சாரம் கொஞ்சம்.
நான் ஓட்டுவது டிராலிபஸ்.
மேலே கம்பியிலிருந்து கொம்பு நழுவினால்
இறங்கி, பின்னால் போய், கயிற்றை இழுத்து
மறுபடி கம்பியில் மாட்டுவேன்.
பஸ் நகரும்.
ஆட்கள் மறுபடி போனைப் பார்ப்பார்கள்.
அவ்வளவுதான்.

இங்கே எந்தக் கயிற்றை இழுப்பது?
மதர்போர்டின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு.
மஞ்சள் என்றால் ரேம் என்கிறது கையேடு.
கழற்றினேன், ஊதினேன், மாட்டினேன்.
ஒற்றையாக மாட்டினேன்.
இடம் மாற்றி மாட்டினேன்.
விளக்கு சிவப்பானது.
சிவப்பு என்றால் பிராசஸராம்.
அதையும் எடுத்து,
பசையைத் துடைத்து,
மூச்சை அடக்கிக்கொண்டு திரும்ப வைத்தேன்.
விளக்கு மறுபடி மஞ்சள்.

கடைக்காரன் பூரெவ் போனில்
'பவர் சப்ளையா இருக்கும்' என்றான்.
மாற்றிக் கொடுத்தான்.
'அப்ப போர்டா இருக்கும்' என்றான்.
எந்தக் கட்டத்தைக் காட்டினாலும்
சனி என்று சொல்லும் ஜோசியன்.
பெட்டியைப் பிரித்துவிட்டால்
திருப்பி எடுக்க மாட்டானாம்.
ஒன்பது மாத ஓவர்டைம்
தரையில் வயர் வயராகக் கிடக்கிறது.

எல்லாம் ஒரு ஓநாய்க்காக.
செல்மெக் வரைந்த ஓநாய்.
அவளுடைய பழைய லேப்டாப்பில்
அது ஓரடி எடுத்துவைக்க ஓர் இரவு ஆகிறது.
இப்படியே போனால்
பனியைக் கடக்க அதற்குப் பத்து வருஷம்.

இரண்டரை மணிக்கு அவள் எழுந்து வந்தாள்.
'நகரு' என்றாள்.
போர்டை உருவி வெளியே எடுத்து
அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே கிடத்தினாள்.
ஸ்க்ரூடிரைவர் நுனியால்
இரண்டு முள்ளைச் சேர்த்துத் தொட்டாள்.

திரை வெளுத்தது. எழுத்து வந்தது.
கத்திவிட்டோம். குழாய் தட்டப்பட்டது.

கேபினட்டுக்குள் வைத்து முடுக்கினோம்.
இருட்டு.
வெளியே எடுத்தோம்.
உயிர்.
உள்ளே.
பிணம்.

சிலர் வீட்டில் ஒரு மாதிரி, வெளியே ஒரு மாதிரி.
இதுவுமா?

காலிக் கேபினட்டுக்குள்
போன் வெளிச்சத்தை அடித்து
விரல்விட்டு எண்ணினாள்.
போர்டில் துளை ஒன்பது.
தாங்கும் பித்தளைக் கால்கள் பத்து.

'இதை யார் வச்சது?'

பாக்கெட்டில் ஒன்று மிச்சமிருந்தது.
பலமாக இருக்கட்டுமே என்று
காலியிடத்தில்
நான்தான் திருகினேன், நன்றாக இறுக்கி.
போர்டின் முதுகில் ஈயப் புள்ளிகளை
அது மூன்று நாளாகக் குத்திக்கொண்டிருந்தது.

செல்மெக் ஒன்றும் சொல்லவில்லை.
திட்டியிருந்தால் தேவலை.
அதைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்துவிட்டு
டீ போடப் போனாள்.

நாலரைக்கு விண்டோஸ் ஏறியது.
கடிகாரம் ஏதோ ஒரு வருஷத்து ஜனவரி ஒன்று என்றது.
அப்படியே இருக்கட்டும் என்றாள்.
ஓநாய் முன்னங்காலைத் தூக்கி,
வைத்து,
அடுத்ததைத் தூக்கியது.
நான் அதை நின்று பார்க்க முடியவில்லை.
ஐந்தேகாலுக்கு முதல் டிரிப்.

மூன்றாவது நிறுத்தத்தில் கொம்பு நழுவியது.
கையுறைக்குள் அந்தப் பித்தளை
உறைந்து கடித்தது.
கயிற்றை இழுத்தேன்.
மாட்டிக்கொண்டது.
'என்னப்பா, இந்தக் குளிரில் சிரிக்கிறாய்?' என்றாள்
முன்சீட்டுக் காய்கறிக்காரி.
சில்லறை கொடுத்தேன்.