அளவு போதாது

பெயர் இன்னும் வைக்கவில்லை.
குழாயில் ஒட்டிய தாளில்
பேபி ஆஃப் முப்பிடாதி,
இருபத்தொன்பது வாரம், தாராவி.
குதிகாலில் குத்திப் பிழிந்த அரை மில்லி.
சயான் பக்கம் தண்டவாளம் மூழ்கிய ராத்திரி.
அடுத்த ஷிப்ட்காரி குர்லாவிலேயே நிற்கிறாள்.
நான்தான் எண்ண வேண்டும்.

கண்ணாடித் துண்டில் ஒரு பூச்சு. சாயம். எண்ணெய்.
பிறகு அந்த ஊதா ஊர்.

வளர்ந்த வெள்ளணு என்றால் அதன் கரு
மூன்று நான்கு கண்ணியாக இறுகியிருக்கும்.
இவை லாடம் மாதிரி வளைந்து கிடக்கின்றன.
நூறு எண்ணினேன்: முப்பத்திநாலு லாடம்.
எலும்புக்குள் ஆள் தீர்ந்துபோய்
மீசை அரும்பாததுகளையும்
அனுப்பிவிட்டது உடம்பு.

கிருமி இருக்கும் தெருவுக்கு
வழி கேட்டுக் கேட்டுத்தான் போகும் இவை.
போய்ச் சேர்ந்தாலோ
மூட்டத் தெரியும், அணைக்கத் தெரியாது.
எரியும், கிருமியோடு சேர்த்து
குடிசையும்.

அம்மா மூட்டை கட்டித்தான் வைத்திருந்தாள்,
தான் பட்ட அம்மை, காய்ச்சல், போட்டுக்கொண்ட ஊசி
எல்லாவற்றின் ஞாபகத்தையும்.
அதில் பெரும்பங்கு கடைசி வாரங்களில்தான்
கொடி வழியே ஏறும்.
பிள்ளை இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே
இறங்கிவிட்டது.

சிஆர்பி ஒன்றுமில்லை என்றது.
முதல் சில மணி நேரம் அது அப்படித்தான் சொல்லும்.
போன் செய்தேன். டாக்டர் நிகத் தூக்கக் கலக்கத்தில்
எத்தனை என்றாள். சொன்னேன்.
மறுபடி எண்ணு என்றாள்.
எண்ணினேன். முப்பத்தாறு.
நான் கூப்பிடுவதற்குள்
மருந்து ஏறத் தொடங்கியிருந்ததாம்.

மறுநாள் நாற்பத்தொன்று.
அதற்கு மறுநாள் சிஆர்பியும் விழித்துக்கொண்டது.

நான்காம் நாள் குழாய் வரவில்லை.
ஐந்தாம் நாளும்.
வராததற்கு இரண்டு அர்த்தம் உண்டு.
ரிஜிஸ்டரில் இரண்டுக்கும்
ஒரே வெற்றுக் கட்டம்.
மாடியேறிப் போய்க் கேட்கலாம், மூன்றே மாடி.
பதினோரு வருஷமாக நான் ஏறியதில்லை.

ஏழாம் நாள் தத்தாராம் டிரேயைக் கொண்டுவந்து வைத்தான்.
பேபி ஆஃப் முப்பிடாதி. மஞ்சள் பார்க்க.
குழாயின் அடியில் ஒரே துளி, அதுவும் உறைந்து.
இதை வைத்து நான் என்ன செய்ய என்று கத்தினேன்.
உதைச்சிடுச்சு, என்றான் அவன்.
சிஸ்டர் கையிலேயே. பாதி தரையில.

சிவப்பு மையில் எழுதினேன்:
அளவு போதாது. மறுபடி அனுப்பவும்.
எழுத்து கொஞ்சம் கோணல்.