இருபது பவுண்டு

இருபது பவுண்டு இரும்பு.
துணியில் சுற்றி முதுகுப்பையில் வைத்தால்
ஒரு வயதுப் பிள்ளையின் கனம்.
கோபானில் பஸ் ஏறும்போது
நடத்துனர் கேட்டான், உள்ளே என்ன?
சாட்சி என்றேன்.
சிரித்துவிட்டு
அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தான்.

மேலே போகப் போகத் தூறல்.
சிப்பி சிப்பி என்போம் இந்த மலையில் அதை.
நனைக்காது,
ஊற வைக்கும்.

சரிவெல்லாம் ஏலக்காய்.
பறிக்கிற எவர் அடுப்பிலும்
ஒரு காய் விழுந்ததில்லை.
"அரபு தேசத்தில் காப்பியில் போடுவார்களாமே,
என்ன வியாதிக்கு?"
தொமிங்கோ ஷோல் கேட்டார்.
நானும் குடித்ததில்லை.

பச்சைக் காய் இரண்டு நாள் பொறுக்கும்,
மூன்றாம் நாள் புளிக்கும்.
உலர்த்தும் சூளை பள்ளத்தாக்கில், வேறொருவனுடையது.
அந்த இரண்டு நாள்தான்
கொயோத்தேயின் முதல்.
இங்கே தரகனுக்கு நரியின் பெயர்.
அவனுக்கு அதில் கோபமில்லை,
லாரியின் நெற்றியிலேயே எழுதி வைத்திருக்கிறான்.

கொய்யா மரக்கிளையில் தராசு தொங்கியது.
யாரிடமும் கேட்காமல்
இரும்பைக் கொக்கியில் மாட்டினேன்.
இருபதுக்குப் போக வேண்டிய முள்
பதினேழில் குத்தி நின்றது.

இந்த நொடிக்காகத்தான்
ஆறு மணி நேரம் குலுங்கி வந்தேன்.
யாராவது கத்துவார்கள் என்றிருந்தேன்.
கோழி ஒன்று குறுக்கே போனது.
கொயோத்தே மூக்கைச் சொறிந்தான்.
"தெரியும் மகளே" என்றார் தொமிங்கோ,
ஏதோ நான்தான் ஏமாந்தவள் போல.
"மூன்று பவுண்டு அவன் தின்கிறான்.
அவன் வராவிட்டால்
மொத்தத்தையும் புழு தின்னும்."

என் கையில் ஒரு படிவம் இருந்தது.
விழிப்புணர்வு பெற்றவர்கள்: ______
எண்ணில் எழுதவும்.

பையை மூடும்போது
முதுகில் பிள்ளையும் இடுப்பில் கூடையுமாக
கந்தெலாரியா தியுல் வந்து நின்றாள்.
"இதை விட்டுவிட்டுப் போ."
"அலுவலகச் சொத்து. ரசீது கேட்பார்கள்."
"தொலைந்தது என்று எழுது.
எங்களிடம் எத்தனையோ தொலைந்திருக்கிறது,
யார் ரசீது கேட்டார்கள்?"

எழுதினேன்.
ஆற்றைக் கடக்கையில் நழுவி விழுந்தது என்று.
சம்பளத்தில் நூற்றுப்பத்து கெட்சால் பிடித்தார்கள்.
பொய்த் தராசைப் பிடிக்கப் போனவள்
பொய்க் கணக்கு எழுதித் திரும்பினேன்.

பிறகு கேள்விப்பட்டேன்:
ஒவ்வொரு வெள்ளியும்
அவன் தராசை மாட்டியதும்
கந்தெலாரியா பேசாமல் இரும்பைக் கொண்டுவந்து
முதல் மூட்டையாகத் தொங்கவிடுகிறாள்.
வரிசை முழுக்க முள்ளைப் பார்க்கிறது.
மூன்றாம் வெள்ளி பதினெட்டரை.
ஐந்தாம் வெள்ளி
இருபதைத் தொட்டுக் கொஞ்சம் நடுங்கி
இருபதிலேயே நின்றது.

அன்றிரவு போன் வந்தது.
குன்றின் உச்சியில்தான் அங்கே சிக்னல் கிடைக்கும்,
காற்று பாதியைத் தின்றது.
"ஹெர்மெலிண்டா, தராசு சரியாகிவிட்டது."
நான் பெருமூச்சு விட்டிருப்பேன்.
"பவுண்டுக்கு ஒரு கெட்சால் குறைத்துவிட்டான்."

தூறல் தகரத்தில் விழுவது
இரண்டு பக்கமும் கேட்டது.
அழைப்பு அறுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"கேட்கிறதா?
எடைக்குக் கல் கொண்டு வந்தாய்.
விலையை நிறுக்க
என்ன கல் வைத்திருக்கிறாய்?"