கூட்டக் குறிப்பு, பக்கம் ஏழு

ஆணையில் பன்னிரண்டு 'திரு.' அச்சாகியிருந்தது.
பன்னிரண்டாவதன் பக்கத்தில்
யாரோ நீலப் பேனாவால் 'மதி' என்று இடுக்கியிருந்தார்கள்.
அது நான்.
திருமதி ம. ராக்கினி, தங்கச்சிமடம்.
இரு நாட்டு மீன்பிடிக் கூட்டுக் குழு,
உறுப்பினர், அடைப்புக்குறிக்குள் பெண்.

மதி என்றால் நிலா. எனக்கும் தெரியும்.
அமாவாசையை ஒட்டி நீர் வத்துகிற ஆறு நாள்
விரலுக்குத் துணி சுற்றி, காலில் செருப்பை இறுக்கிக் கட்டி
பாரில் முங்கிப் பாசி எடுத்தால்தான் எங்களுக்கு மாதம் ஓடும்.
கூட்டத்தைச் சரியாக அந்த ஆறு நாளுக்குள் வைத்திருந்தார்கள்.

மண்டபம் விருந்தினர் மாளிகை.
ஏசிக் குளிரில் விரல் வெடிப்பெல்லாம் எரிந்தது.
மொழிபெயர்க்க மூன்று பேர், காதுக்கு ஆளுக்கொரு கருவி.
எதிர் வரிசையில் பதினொரு பேர். எல்லோருக்கும் மீசை,
ஒருவருக்கு மட்டும் இல்லை,
அவரும் ஆண்தான்.

பிடிபட்ட படகு எத்தனை, வாசித்தார்கள்.
அறுந்த வலை எத்தனை பாகம், வாசித்தார்கள்.
கடலில் கோடு எங்கே ஓடுகிறது என்று
சுவரில் சிவப்பு விளக்கால் காட்டினார்கள்.
சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால்
தலைவர் என் பக்கம் திரும்பி,
"அம்மா, நீங்க ஏதும் சொல்றீங்களா?"

கேட்டேன்.
எங்க வீட்டுக்காரர் அங்கே ஜெயிலில் இருந்த நாற்பத்தொரு நாளில்
அடகுக்குப் போன கிராம் எந்தப் பக்கத்தில் இருக்கு?
எங்க விசைப்படகு மடி இழுத்துக் கிழித்த
அவங்க வலையை, அந்தக் கரையில
உட்கார்ந்து பொத்துறது யாரு?

மொழிபெயர்ப்பாளர்கள் கருவியைப் பார்த்தார்கள்.
கடைசி நாற்காலியில் கறுத்த ஒருவர்,
நெடுந்தீவாம், மெதுவாகச் சொன்னார்:
"எண்ட மனுசி."
அதை யாரும் எந்த மொழிக்கும் மாற்றவில்லை.
மணி அடித்தது. வஞ்சிரம் வறுவல்.

மூன்று வாரம் கழித்து
மீன்துறை ஆபீசில் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள்.
பக்கம் ஏழு, பத்தி நான்கு:
'உறுப்பினர் (பெண்) வரவேற்புக்கு நன்றி தெரிவித்தார்.'

"ஃபைனல் காப்பிக்கா" என்கிறார் கிளார்க்.
அவர் பேனாவையே வாங்கி ஓரத்தில் எழுதுகிறேன்:
நன்றி சொல்லவில்லை. கேட்டேன்.
கேட்டதையும் எழுதுகிறேன். இடம் போதவில்லை.
தாளைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்க வெள்ளை.

எழுத்து கோணுகிறது. நாளைக்கு நீர் வத்தும்,
நாலு மணிக்கெல்லாம் வள்ளம் ஏற வேண்டும்.
கிளார்க் இரண்டு தரம் இருமிவிட்டார்.

அந்தப் பக்கத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டியவர்:
பெயர் கேட்காமல் வந்துவிட்டேன்.
நெடுந்தீவு.
வலை பொத்துகிறவர்.