முள் இல்லாத மணிக்கூடு

கிரென்ஷென் நகரில் ஒரு மூன்றாம் மாடி.
செத்தவர்களின் வீட்டைத் துடைத்துக் கொடுப்பது எங்கள் வேலை,
சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கு.
வெரேனா ஆஃபோல்ட்டர், எண்பத்தொன்பது வயது,
மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம்.
பிள்ளைகள் இல்லை. பூனை ஒன்று,
அதை முன்னமே யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

அலுமாரியைத் திறந்தால் கதவின் உட்பக்கம் ஒரு மாடு.
தேவாலயத்தை விடப் பெரிய மாடு,
கோபுரம் அதன் முழங்காலுக்கு வருகிறது.
இஸ்திரிப் பலகையைத் திருப்பினால் ஆறு.
ஆரே ஆறுதான், பாலத்தைப் பார்த்தால் தெரிகிறது,
ஆனால் ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது,
மீன்கள் படிப்படியாக ஏறிப்போகின்றன.
சீஸ் பெட்டி மூடிகளில் அயலவர்கள்:
எல்லோருக்கும் ஒரே மூக்கு,
சப்பாத்து மட்டும் வேறு வேறு.

எங்கே படித்தாராம் என்று கேட்டான் ரெட்டோ,
சும்மாதான், சிகரெட்டைத் தேடிக்கொண்டு.
எதிர் வீட்டு ஃப்ராவ் ப்ரோட்ஷி வாசலில் நின்று சொன்னாள்:
படிக்கவில்லை. பென்ஷன் வந்த மறுநாள் தொடங்கினாள்.
முப்பத்தாறு வருஷம் பூதக்கண்ணாடிக்குள்ளே
ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எழுதியவள்,
ஒற்றை மயிர்த் தூரிகையால், மூச்சை அடக்கி.
இனிச் சின்னதாக எதையும் கீறமாட்டேன் என்றாள்.

பொய். சின்னதாக ஒன்று கீறியிருக்கிறாள்.
கோபுரம் சரிந்து கிடக்கிறது,
வானம் ஒரு மூலையில் தீர்ந்துபோய்ப் பலகை தெரிகிறது,
கோபுரத்து மணிக்கூட்டில் மட்டும்
பன்னிரண்டு இலக்கங்களும் அச்சடித்த மாதிரி.
முள் இல்லை.
எந்தப் படத்திலும் இல்லை,
ஸ்டேஷனிலும் இல்லை, பள்ளிக்கூடத்திலும்.
மறந்துவிட்டாரா என்றேன்.
ஃப்ராவ் ப்ரோட்ஷிக்குக் கோபம் வந்தது:
முள் பூட்டுவது அடுத்த மேசைக்காரரின் வேலை.

மூடுபனிப் படம் குசினியில் இருந்தது.
அந்த நவம்பரில் வெள்ளை முடிந்துபோய்ப்
பற்பசையால் பூசினாளாம்.
கிட்டப் போய் மணந்து பார்த்தேன்.
பனிக்குள் இன்னும் கொஞ்சம் புதினா.

சட்டத்துக்கு நாலு பிராங்க், படத்துக்கு ஒன்றுமில்லை
என்றார் பழம்பொருள் கடைக்காரர், போனில்.
எல்லாம் கொண்டெய்னருக்குள் போனது.
நானும்தான் எறிந்தேன்.
ஆற்றை இரண்டாக முறித்த பிறகுதான்
உள்ளே போனது.

அலுமாரிக் கதவை மட்டும் பிணைச்சல் கழற்றி
பஸ்ஸில் கொண்டுவந்தேன்.
சாரதி அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார்,
சைக்கிள் கட்டணம்.
வீட்டில் மனைவி கேட்டாள்:
"கதவு சரி, அலுமாரி எங்க?"

சுவரில் இடமில்லை.
டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தோம்.
இரவு தண்ணீர் குடிக்க எழும்பினேன், லைட் போடவில்லை.
தொழிற்சாலையிலிருந்து ஒரு சின்னப் போத்தல்
அவள் கைப்பைக்குள் வந்திருக்க வேண்டும்:
கீழே ஊரில் ஏழு ஜன்னல்கள் பச்சையாய் எரிந்தன,
எல்லாவற்றுக்கும் மேலே
மாட்டின் ஒரு கண்.

நான் குடித்து முடிக்கும்வரை
அது நித்திரை கொள்ளவில்லை.