இடப்பக்கக் காலடி

கோத்தகிரி மார்க்கெட் மேட்டில்
ஜெப்ரின் கடையில் இரண்டு பெட்டிகள்.
ஒன்று காதை மூடி அடைப்பது.
மாட்டியதும் ஜீப் ஹாரன், கேரட் லாரி,
ஜெப்ரின் சொன்ன விலை
எல்லாம் கம்பளிக்குள் போய்விட்டன.
மற்றதற்கு வலைபோட்ட முதுகு, காற்று புகுந்து வரும்.
"மழைக்கு இது ஆகாதுக்கா."

உண்மைதான்.
என் வீட்டுக்குத் தகரக் கூரை.
ஜூலையில் அதன்மேல் பெய்வது
எந்தத் துப்பாக்கியையும் தின்றுவிடும்.
எதிரி படியேறும் மெல்லிய சத்தம்,
மூன்றாம் படியா நான்காம் படியா,
அதை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன்.

ஆனால் போன மாதம்
இரவல் வாங்கிய மூடிய ஹெட்செட்டில்
ஏழு பேரைச் சுட்டு முடித்து,
தண்ணீர் குடிக்கக் கழற்றிவிட்டு எழுந்தால்
சமையலறைக் கதவு பாதி பிளந்திருக்கிறது.
நல்லெண்ணெய் பாட்டில் கவிழ்ந்து
தரையெல்லாம் நக்கிய தடம்.
நனைந்த நாயின் வாடை,
நாயைவிடப் பெரிதாக.
எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

வலைமுதுகையே எடுத்தேன்.
நாலாயிரத்து முந்நூறு. மைக் தனி.
பேஸ் போதாது, அடுத்த அறைக்கும் கசியும்,
கசியட்டும், அடுத்த அறையில் உருளைக்கிழங்கு மூட்டைதான்.

மழை நாளில் இப்போது முதலில் சாவது நான்.
"நல்ல செட்டா வாங்கித் தொலையேன்"
என்கிறான் தேனியிலிருந்து ஆடும் முர்ஷித்.
"கரடி" என்றேன்.
எதிரணிப் பட்டியலில் அந்தப் பெயரை
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

இதோ,
இடது காதில் ஒரு காலடி.
சுடாமல் நிற்கிறேன்,
அது திரையில்தானா என்று
தெரிகிறவரை.