தகுந்ததும் போதுமானதுமான காரணம்

அன்று சனிக்கிழமை என்று எனக்குத் தெரியாது.
இதுதான் காரணம்.
இதை எழுத அவர்கள் விட்டிருக்கும் இடம்
மூன்று வரி.

கடிதம் வந்து ஒன்பது நாள்.
நீங்கள் வாக்களித்ததாகத் தெரியவில்லை.
இருபது டொலர் தண்டம், அல்லது
தகுந்ததும் போதுமானதுமான ஒரு காரணம்.
கறுப்புப் பேனாவால் மட்டும் நிரப்புக.
வாக்குப் போடுவதற்குப் பென்சில் தருவார்கள்,
நூலில் கட்டின குட்டைப் பென்சில்.
போடாமல் விட்டதற்குத்தான் பேனா.

இருபத்திரண்டு வருசம் கண்ணாடித் தொழிற்சாலையில் இரவு வேலை.
கிழமைகள் அப்போது உடம்பிலேயே இருந்தன,
செவ்வாய் முழங்காலில், வெள்ளி இமையில்.
இப்போது டண்டினொங்கில்
எனக்கு மூன்றே நாள்கள்:
மஞ்சள் மூடி வாளி வெளியே போகிற நாள்,
பச்சை மூடி போகிற நாள்,
மற்ற நாள்.

அந்த மற்ற நாளில்
கழிவறைத் தொட்டியின் வால்வைக் கழற்றி
நிலத்தில் பரப்பி வைத்திருந்தேன்.
திலகமலர் சிட்னியில், மகளின் பிள்ளைப்பேற்றுக்கு.
தபாலில் முதலே போட்டுவிட்டுப் போனவள்
தொலைபேசியில் கேட்டாள், "போட்டிட்டியளோ?"
"நாளைக்குத்தானே" என்றேன்.
பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.
நாளைக்கு விடிந்தபோது ஞாயிறு.

மூன்று வரிக்குள் இது அடங்கும்.
ஆனால் பேனாவை எடுத்தால்
வேறு நாள்களும் வந்து நிற்கின்றன.

இருபத்திரண்டு வயதில், முதல் தடவை,
சப்பாத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனேன்.
மேசைக்காரர் பட்டியலில் விரலை ஓட்டி
"உம்மடையைப் போட்டாச்சே தம்பி" என்றார்.
ஆர் போட்டது என்று நான் கேட்கவில்லை.
என் பெயரில் விடியவே எழும்பி வந்து
என் பெயரில் விரலை நீட்டி மை பூசிக்கொண்டவனை
இன்றைக்கும் யோசிப்பதுண்டு.
யாருக்குப் போட்டிருப்பான்?
மை அழிய அவனுக்கு எத்தனை நாள் பிடித்திருக்கும்?

அடுத்த தடவை சுவரில் ஒரு நோட்டீஸ்.
போனால் என்ன நடக்கும் என்று அதில் எழுதியிருக்கவில்லை,
எழுதத் தேவையிருக்கவில்லை.
அன்று வீதியில் நாய்கள் மட்டும் போய்வந்தன.
ஏன் வரவில்லை என்று
ஒருவரும் எங்களுக்குக் கடிதம் போடவில்லை.

பிறகு ஐம்பத்தொரு வயதில், இங்கே,
பள்ளிக்கூட மண்டபத்தில், வெங்காயம் பொரியும் மணத்துக்குள்
ஏழு பெயர் கொண்ட ஒரு தாள்.
எல்லோருக்கும் இலக்கம் போடு என்றார்கள்.
பிடிக்காதவனுக்கும் ஒன்று.
முதலாவதைச் சட்டென்று போட்டேன்.
ஆறுக்கும் ஏழுக்கும்தான் நேரம் போனது.
படகுகளைத் திருப்பு என்று கத்தினவனுக்கு ஏழா,
கத்தாமல் திருப்பச் சொன்னவனுக்கு ஏழா?
பின்னால் நின்றவர் செருமினார்.

"எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள்"
என்பார் பாலேந்திரா, சந்தை வாங்கிலிருந்து, கிழமைக்கு நாலு தரம்.
ஆனால் தேர்தலன்று எட்டு மணிக்கு,
மினுக்கின சேட்டோடு, வரிசையில் முதல் ஆள் அவர்தான்.

பக்கத்து வீட்டுக் குர்பான் அலிக்குப் பன்னிரண்டு வருசமாகத் தற்காலிக விசா.
அன்று முழுக்கப் பள்ளிக்கூட வாசலில் நின்று
அடுப்பில் வெங்காயம் பிரட்டியிருக்கிறான்.
பிள்ளைகளின் நூலகத்துக்குக் காசு சேர்க்கவாம்.
ஞாயிறு காலை வேலிக்கு மேலால் கேட்டான்,
"உன்னைக் காணவில்லையே?"
தொட்டி உடைந்துபோச்சு என்றேன்.
திருத்த உதவிக்கு வரவா என்றான்.
அவனுக்கு இந்தக் கடிதம்
வராது.

"இருபது டொலர்தானே அப்பா, நான் கட்டிவிடுறன்"
என்கிறாள் நிரோசினி, கைக்குழந்தையின் அழுகைக்கு மேலால்.
அந்த நோட்டீசை எழுதலாம். அந்த மையை எழுதலாம்.
வாசிக்கிற பெட்டை பாவப்பட்டு
ஒரு முத்திரை குத்தி விட்டுவிடுவாள்.
அவற்றைக் கொண்டுபோய் இருபது டொலருக்கு விற்க
எனக்கு மனமில்லை.

கறுப்புப் பேனாவால் எழுதினேன்:
வெள்ளிக்கிழமை என்று நினைத்துவிட்டேன்.
இன்னும் இரண்டு வரி வெறுமையாய்க் கிடந்தது.
தொட்டி இப்போது ஒழுகுவதில்லை என்றும் எழுதினேன்.

வெளியே யாரோ வாளி உருட்டும் சத்தம்.
எழும்பி யன்னலால் பார்த்தேன்.
பச்சை.